சுமப்பவர் உயரம்

அத்தியாயம் 14

போன வாரம், வாசலில் ஓர் அட்டைப் பெட்டி வந்து இறங்கியதோடு நிறுத்தினோம். இடுப்பளவு பெட்டி. உள்ளே இருந்தது குழந்தையை முதுகில் தூக்கிக்கொண்டு நடப்பதற்கான கேரியர். அதைப் பிரிக்க முத்திரைக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. கத்தரிக்கோல் கூடாதாம், பெட்டிக்குக் காயம் படுமாம். அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள இதுவே போதும் என்று சொல்வேன், ஆனால் போதாது.

முத்திரை என்பது அவன் பெயரல்ல, பிழைப்பு. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டர். எடைக்கல் பத்து கிராம் குறைந்தால் கடைக்காரனை நிற்க வைத்து நேர்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். கடைக்காரர்கள் அவனுக்குப் பயப்படுவதில்லை, அந்தப் பேச்சுக்குத்தான் பயப்படுவார்கள்.

அவன் மனைவி கால்வாய்க் கரையில் நடந்து தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு வருகிறவள். பதினொரு கிலோமீட்டர், ஏழு அளவுக் கம்பங்கள், தனி ஆள். ஆபீசில் அளவுக்காரி என்பார்கள். ஆக வீட்டில் இரண்டு பேருமே அளப்பவர்கள். அவன் இரும்பை, அவள் தண்ணீரை. இரண்டில் எது அசையும் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

எட்டு மாதப் பெண் குழந்தை, வீட்டுப் பெயர் பட்டாணி. புட்டிப்பாலைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமையோடு அளவுக்காரியின் விடுப்பு முடிகிறது. ஆபீசில் அவளுக்கு மேலதிகாரியான இன்ஜினியரம்மா நல்ல மனசோடு ஒரு வழி சொல்லியிருந்தார். நடக்கத் தோதான கேரியர் இருந்தால் குழந்தையையும் கொண்டுபோகலாம், திங்கட்கிழமை காலையில் தன் முன்னால் ஒருமுறை மாட்டிக் காட்டினால் போதும். இல்லாவிட்டால் ஆபீசுக்குள் உட்கார்ந்து கோப்புகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டியதுதான். கால்வாய் வேறு ஆளுக்குப் போய்விடும். போனால் திரும்பாது. அந்தக் கரைக்காக நாலு பேர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

அளவுக்காரிக்கு அந்தக் கரை பிடிக்கும். யாரும் கேள்வி கேட்காத நாலு மணி நேரம் அது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

கேரியர் தேடும் பொறுப்பை முத்திரை தானாகவே ஏற்றுக்கொண்டான். "அத எங்கிட்ட விடு," என்றான். விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மூன்று வாரம் ஆராய்ச்சி நடந்தது. பதினாலு வகை கேரியர்களை நோட்டில் கட்டம் போட்டு எழுதினான். எடை, துணியின் தடிப்பு, வாரின் அகலம், பக்கிளின் உறுதி, வெயில் மறைப்பின் கோணம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பத்தாம் வகுப்பில் வாங்காத மதிப்பெண்களை எல்லாம் பைகளுக்கு வாரி வழங்கினான்.

வந்து இறங்கியிருப்பது, அதில் முதல் மார்க் வாங்கிய கேரியர். அலுமினியச் சட்டம், தரையில் நிற்கக் கால்கள், மேலே கூரை, பக்கத்துக்கு ஒரு பை, மழைக்கு உறை, முதுகுக்குப் பின்னால் குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கக் குட்டிக் கண்ணாடி. வீடு கட்டிக் குடிபோகலாம். வெறும் சட்டமே இரண்டரைக் கிலோ.

அதை எப்படிச் சோதித்தான் என்று கேளுங்கள். ஆபீசிலிருந்து எடைக்கற்களைக் கொண்டுவந்தான். பட்டாணியின் எடை எட்டுக் கிலோ நானூறு. எட்டுக் கிலோ நானூறுக்குச் சரியாக இரும்பைத் துண்டில் சுற்றிக் கேரியரில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, கூடத்தில் அறுபது சுற்று நடந்தான். பெற்ற பிள்ளை பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வைத்துப் பார்க்கலாம் என்று அந்த மண்டைக்குத் தோன்றவில்லை. குழந்தை முத்திரையிடப்பட்ட எடை இல்லையாம், பால் குடித்தால் மாறுமாம்.

இரும்பு தூங்கித் தலை சாயாது. எட்டி இலையைப் பிடிக்காது. காலை உதைக்காது. அவன் சோதனையில் இரும்பு நன்றாகத்தான் நடந்துகொண்டது.

பெட்டி கொண்டுவந்த பார்சல்காரப் பெண்தான் முதலில் விஷயத்தைச் சொன்னவள். பிரித்து நிறுத்தியிருந்ததை மறுநாள் வேறொரு பார்சலோடு வந்தபோது பார்த்தாள். தன் பிள்ளையையும் ஒரு வருஷம் கட்டிக்கொண்டே வீடு வீடாகப் போனவள் அவள். "இத யாரு உங்களுக்குத் தூக்கி மாட்டி விடுவா?" என்று கேட்டாள்.

அளவுக்காரி அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. கரையில் அவள் தனி. குழந்தையோடு பதினோரு கிலோவைத் தரையிலிருந்து முதுகுக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். நடுவழியில் பட்டாணி பசித்து அழுதால் இறக்க ஓர் ஆள், ஏற்ற ஓர் ஆள்.

பார்சல்காரி அன்று சாயங்காலமே தன் பழைய கேரியரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வெளுத்துப்போன கெட்டித் துணி, அகலமான இடுப்புப் பட்டை, முதுகில் குறுக்கே போய் முன்னால் வந்து மாட்டுகிற இரண்டு வார்கள். சுருட்டினால் ஒரு துண்டளவு. முத்திரை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாத ரகம் என்று ஓரமாக வைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அந்த நோட்டைப் புரட்டினாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'சுமப்பவர் உயரம்'. கீழே, அழகான கையெழுத்தில், ஐந்தடி பதினொன்று.

அளவுக்காரி செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றால் ஐந்தடி.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன், தூக்கப்போவது யார் என்பதையே மறந்துவிட்டான். ஏட்டுச் சுரைக்காய் என்பது இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டதற்கு, வாரைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்றான். கண்ணைப் பார்க்காமல் சொன்னான். அவள் அதை அசடு என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. அதற்கு நாத்தனாரும் வந்து சேர்ந்தாள்.

முத்திரையின் அக்கா, பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு மகன்களை வளர்த்தாள், இருவரும் வேலை கிடைத்த அன்றே கண்காணாத ஊருக்குப் போய்விட்டார்கள், போனில்கூடப் பேசுவதில்லை. ஏன் போனார்கள் என்று அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இப்போது கை சும்மா இருக்கிறது, தம்பி வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. குழந்தையைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லி இந்த மாதத்தில் முப்பது தடவை சொல்லியிருப்பாள். பசித்தால் தானாகப் புட்டியைக் குடிக்குமாம், இரண்டு நாள் அழும், மூன்றாம் நாள் பழகுமாம். புதுச் செருப்பு வேறு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

சட்டத்தை முத்திரைதான் சுமந்தான். வார் அவன் உயரத்துக்குத்தானே இருந்தது. உள்ளே பட்டாணி, கூரைக்குக் கீழே, கழுத்தை நீட்டி உலகத்தைப் பார்த்தாள். அக்கா பின்னாலிருந்து ஏற்றிவிட்டாள். அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. எதிரே வந்த இரண்டு பேருக்கு, கேட்காமலே, பக்கிளின் உறுதியைப் பற்றி விளக்கம் கொடுத்தான்.

முதல் கம்பம் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது, இரண்டிலும் அளவுக்காரி இறங்கி எண்ணைப் பார்த்துக்கொண்டாள். பாதை சமமாக இருந்தவரை சட்டம் சொகுசாகத்தான் போனது. அளவுக்காரி பின்னால் வந்துகொண்டே குழந்தையின் கால்களைப் பார்த்தாள். தொடைக்குக் கீழே தாங்கல் போதாமல் இரண்டும் தொங்கின. கால்வைக்கும் வாரைப் பெரிய குழந்தைக்கு வைத்த நீளத்திலேயே விட்டிருந்தான். சொன்னாள். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றான்.

மூன்றாவது கம்பம் மதகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு படி இறங்கி, தண்ணீரோரம் குந்தித் தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் எண் தெரியும். பாதி எண்கள் பாசியில் அழிந்துவிட்டன. ஒரு நாளைக்கு ஏழு முறை அவள் அப்படிக் குந்தி எழ வேண்டும்.

அவனைக் கடைசிப் படி வரை மட்டும் இறங்கி நின்று பார்க்கச் சொன்னாள். தானே பக்கத்தில் நின்றுகொண்டாள். அந்த இடத்தில் குனியக் கூடாது, முழங்காலை மடக்கிக் குந்த வேண்டும் என்றும் சொன்னாள். எடைக்கல்லைக் குனிந்து குனிந்தே பார்த்துப் பழகியவன், கேட்பானா?

இடுப்பிலிருந்து குனிந்தான். சட்டம் அவன் தலைக்கு மேலே எழும்பி முன்னால் சாய்ந்தது. பட்டாணி பெல்ட்டில் தொங்கியபடி தண்ணீருக்கு நேர் மேலே வந்தாள், கூரை அவள் முகத்தில் மடங்கி விழுந்தது. முத்திரையின் ஒரு கால் பாசியில் வழுக்கியது. அளவுக்காரி இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார்த்தினாள். குழந்தை அலறியது. அடி எதுவும் இல்லை. அளவுக்காரி பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

முத்திரை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை இது: "குனியறது சோதனையில இல்ல."

குழந்தையின் சத்தம் கேட்டு மதகுக்காரர் ஓடி வந்தார். கதவுச் சக்கரத்தைத் திருகித் தண்ணீர் விடுகிறவர், அளவுக்காரியைப் பத்து வருஷமாகத் தெரியும். எல்லாரையும் மேலே ஏற்றி உட்கார வைத்தார். அந்தப் படி பொல்லாதது, நேற்று வந்த பையனும் இங்கேதான் வழுக்கினான் என்றார்.

எந்தப் பையன் என்று கேட்டாள்.

"புது ஆளும்மா. இன்ஜினியரம்மா அனுப்பிச்சாங்க, கம்பமெல்லாம் பாத்துட்டுப் போனான். திங்கக்கிழமையிலேருந்து அவன்தானாமே. நீங்க வேணாம்னுட்டீங்களாமே."

சொன்ன பிறகுதான் அவருக்கே ஏதோ தப்பாகப் பட்டது. சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

நாத்தனார் தன் புதுச் செருப்பின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். சரிசெய்துகொண்டே இருந்தாள். முத்திரை, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றான். அளவுக்காரி பாலைக் கொடுத்தபடி அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு நிமிஷம்தான் தாங்கினான். பிறகு கொட்டிவிட்டான். அக்காதான் யோசனை சொன்னாள். எல்லாருக்கும் நல்லதாயிற்றே என்று வியாழக்கிழமை அவனே இன்ஜினியரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். மேசை வேலை என்றால் நிழல், மின்விசிறி. சாயங்காலம் வரை குழந்தை அக்காவிடம்.

"அப்ப இது எதுக்கு வாங்கினீங்க?" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையில நாம காத்தாட நடந்துட்டு வர்றதுக்குத்தான். நான்தானே தூக்கப்போறேன். அதான் என் உயரம்."

அவன் மறக்கவில்லை. நோட்டில் எழுதியது சரியாகத்தான் எழுதியிருக்கிறான். கால்வாய்க் கரைக்கு அவள் போகப்போவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டு, மூன்று வாரம் அவள் எதிரிலேயே உட்கார்ந்து வார் அகலத்தை அளந்திருக்கிறான். இரும்பைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது முழுக்கத் தன் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு.

"உங்கள முட்டாள்னு நெனச்சிருந்தேன்," என்றாள் அளவுக்காரி. "முட்டாளா இருந்திருந்தாக்கூடக் குடும்பம் நடத்தியிருக்கலாம்."

நாத்தனாருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. பச்சைப் பிள்ளையை வெயிலில் தூக்கிக்கொண்டு தண்ணீரை வேடிக்கை பார்ப்பது ஒரு வேலையா என்று கேட்டாள். அவள் வளர்த்த இரண்டு பிள்ளைகளைப் போல வளர்க்க வேண்டாமா என்றாள்.

"வேணாம் அண்ணி," என்றாள் அளவுக்காரி. "எம்பொண்ணு என்னோட பேசணும்."

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. அளவுக்காரிக்கு அதில் கொஞ்சம்கூட வருத்தமில்லை, நன்றாகவே இருந்தது.

பையிலிருந்து பார்சல்காரியின் துணிக் கேரியரை எடுத்து உதறினாள். இடுப்புப் பட்டையை எலும்புக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். மதகு மேடையில் உட்கார்ந்தபடியே பட்டாணியை நெஞ்சோடு சேர்த்து, துணியை முதுகுவரை இழுத்து, வார்களைக் குறுக்கே போட்டு, முன்னால் பக்கிளை மாட்டினாள். முட்டிகள் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே, தொடை முழுக்கத் துணியில். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரம். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள், மூச்சுக்கு இடமிருந்தது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். யாரும் கை கொடுக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

எழுந்து, மூன்றாவது கம்பத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வீட்டுப் பக்கம் அல்ல. கால்வாய் முடிகிற இடத்தில் இன்ஜினியரம்மாவின் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. இன்னும் எட்டுக் கிலோமீட்டர்.

முத்திரை பின்னாலேயே வந்தான். கெஞ்சினான், பிறகு கோபப்பட்டான், பிறகு மூச்சு வாங்கியதால் சும்மா இருந்தான். அக்கா அரைக் கிலோமீட்டரிலேயே புதுச் செருப்பு கடித்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வெறும் சட்டத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, கூரை மட்டும் ஆட, அவன் தனியாக வந்தான்.

அளவுக்காரி ஒவ்வொரு கம்பத்திலும் இறங்கினாள். முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கிக் குந்தினாள். ஒரு கை குழந்தையின் தலைக்குப் பின்னால், ஒரு கை கம்பத்தில். எழுந்தாள், அடுத்ததற்கு நடந்தாள். பாரம் இடுப்பில் இறங்கியிருந்தது, தோள் வலிக்கவில்லை. ஐந்தாவது கம்பத்தில் பட்டாணி தூங்கிவிட்டாள். வியர்வையில் அம்மாவின் சட்டையும் மகளின் கன்னமும் ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒரு மெல்லிய துணியைச் செருகிக்கொண்டாள். அது ஒன்றுதான் அந்தக் கேரியரில் குறை.

இன்ஜினியரம்மா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அளவுக்காரியையும், அவள் நெஞ்சில் தூங்குகிற குழந்தையையும், தூசி படிந்த கால்களையும் பார்த்தார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். முதல் கம்பத்திலிருந்து என்றாள். ஏழு கம்பத்தின் மட்டத்தையும் வரிசையாக ஒப்பித்தாள்.

திங்கட்கிழமை மாட்டிக் காட்டச் சொன்னீர்கள், இன்றைக்கே காட்டிவிடலாம் என்று வந்தேன் என்றும் சொன்னாள். வீட்டுக்காரர் வந்து பேசியது தனக்குத் தெரியாது, அவர் பேச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள்.

இன்ஜினியரம்மா துணியைக் கீழே வைத்தார். "பேச்சுக்கெல்லாமா நான் ஆளை மாத்துவேன்?" என்று உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தார். அதில் ஒரு கடிதம். குழந்தையின் உடல்நிலை காரணமாகக் கரைப் பணியைத் தொடர இயலாது, மேசைப் பணி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே அளவுக்காரியின் கையெழுத்து.

அவள் கையெழுத்து கரையில் நின்றபடியே போட்டுப் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது. இது நேராக, திருத்தமாக, எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளியில் இருந்தது. ஊரில் தராசெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன் போட்டது.

"இது நீங்க போட்டதுதானே?" என்றார் இன்ஜினியரம்மா. பதில் வருவதற்கு முன்பே கையைக் காட்டி நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்லுங்க. ஆமான்னா விஷயம் இதோட முடிஞ்சிடும், அந்தப் பையன் நடப்பான். இல்லேன்னா இத நான் மறைக்க முடியாது, மேல அனுப்பணும். யார் போட்டதுன்னு கேப்பாங்க. அவர் வேலை என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியும்."

அளவுக்காரி திரும்பிப் பார்த்தாள். முத்திரை கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினான். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் கண்ணை நேராகப் பார்த்தான்.

ஏழு வருஷம் அவனோடு வாழ்ந்திருக்கிறாள். அவன் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. அவன் வேலை போனால் அந்த வீடும் போகும், நாளைக்குப் பட்டாணி அப்பாவைப் பற்றிக் கேட்டால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் அவளுக்குத் தெரிந்தது. தூங்குகிற குழந்தையின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையை நீட்டிப் பேனா கேட்டாள்.

அந்த அழகான கையெழுத்துக்குப் பக்கத்தில், ஸ்கூட்டர் சீட்டில் கடிதத்தை வைத்து, சாய்ந்த எழுத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"இதுதான் மேடம் என்னோடது," என்றாள். "ரெண்டையும் சேத்தே அனுப்புங்க."